முக்கால் போனதும் முந்நூறு வந்ததும்

என் பணிக்காலத்தின் மிகப் பெரிய தவறைச் செய்து முடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எக்செல் தாளில் இரண்டு நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுத்து மறைத்தேன். தாள் பார்க்க அழகாக ஆகிவிட்டது. அவ்வளவுதான்.

வட்டார சுகாதாரப் புள்ளியியலாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். பதிவேட்டை எப்படி நிரப்புவது, மாத அறிக்கையை எந்தத் தேதிக்குள் ஏற்றுவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லிவிடுவார்கள். நாம் கொடுத்த எண் அலுவலகத்தின் வாசலைத் தாண்டிய பிறகு என்ன ஆகும் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. நான் விருப்ப ஓய்வு பெற்று இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. இருபத்தேழு ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறேன். இதில் வரும் நேரங்களும் பேச்சும் அதிலிருந்து எடுத்தவை. ஒரே ஒரு விவரத்தை மட்டும் குறித்துக்கொள்ளத் தவறிவிட்டேன். அதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

எங்கள் வட்டாரத்தில் ஒன்பது துணை சுகாதார நிலையங்கள். அதில் ஒன்று அருமனைப் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது. ஏறக்குறைய எட்டாயிரம் பேர். அங்கே கிராம சுகாதார செவிலியர் ரோஸ்லெட் பாய். தாய் சேய் நலம், தடுப்பூசி என்று ஆயிரம் வேலை இருந்தாலும், மழைக்காலத்தில் அவருடைய முதல் வேலை சிரட்டைதான்.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ரப்பர் மரத்தில் பால் வடிய ஒரு சிரட்டையை, அதாவது தேங்காய்க் கொட்டாங்கச்சியை, கட்டியிருப்பார்கள். மழை பிடித்துவிட்டால் பால்வெட்டு நின்றுவிடும். அந்த நாட்களில் சிரட்டையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். விட்டால் மழைத்தண்ணீர் தங்கி, ஒவ்வொரு மரமும் டெங்கு கொசுவுக்கு ஒரு தொட்டிலாகிவிடும். ரோஸ்லெட் பாய் குடையும் நோட்டுமாகத் தோட்டம் தோட்டமாக ஏறி, "கமத்தி வைங்க, கமத்தி வைங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஊரில் பிள்ளைகள் அவருக்கு 'கமத்து சிஸ்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும்.

ஒரு ஆண்டு அந்தத் துணை நிலையத்தில் டெங்கு உறுதியானவர்கள் நான்கு பேர். அடுத்த ஆண்டு ஒருவர். வட்டார ஆய்வுக் கூட்டத்துக்கு நான் தாள் தயாரித்தேன். ஒன்பது நிலையங்கள், ஒவ்வொன்றுக்கும் முந்தைய ஆண்டு எண்ணிக்கை, நடப்பு ஆண்டு எண்ணிக்கை, ஏற்ற இறக்கம் சதவீதத்தில். திரையில் போட்டுப் பார்த்தபோது எழுத்து சிறியதாகத் தெரிந்தது. பின்வரிசையில் இருப்பவர்களுக்குப் படிக்க முடியாது. எண்ணிக்கை இருந்த இரண்டு நெடுவரிசைகளையும் மறைத்துவிட்டு, சதவீதத்தை மட்டும் பெரிய எழுத்தில் வைத்தேன். அந்த நிலையத்துக்கு நேராகப் பச்சை நிறத்தில் நின்றது: 75 சதவீதம் குறைவு.

கூட்டத்துக்கு உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் வந்திருந்தார்கள். அந்த ஊரின் வார்டு உறுப்பினர் எழுந்து வந்து, திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

"சாரே, இது சரியான நம்பரு தானா?" என்று கேட்டார்.

"சரியான எண்தான்" என்றேன்.

அடுத்த வாரம் ஜங்ஷனில் ஒரு பிளக்ஸ் ஏறியது. 'நமது பகுதியில் டெங்கு 75% ஒழிப்பு.' கைகூப்பியபடி வார்டு உறுப்பினர், அவர் தோளுக்குக் கீழே சிறியதாக ரோஸ்லெட் பாய், மூலையில் குறுக்குக் கோடு போட்ட ஒரு கொசு. நான் பேருந்திலிருந்தே அதைப் பார்த்தேன். மனதுக்குள் ஒருமுறை சரிபார்த்தேன். நான்கிலிருந்து ஒன்று, மூன்று குறைவு, எழுபத்தைந்து சதவீதம். கணக்கில் பிழை இல்லை. 'குறைவு' என்பது 'ஒழிப்பு' ஆகியிருந்ததைக் கவனித்தேன். நல்ல செய்திதானே என்று விட்டுவிட்டேன். குடியரசு தின கிராம சபையில் ரோஸ்லெட் பாய்க்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் போயிருந்தேன், கைதட்டினேன்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். என் தவறு தொடங்கியது இங்கேதான், அடுத்த ஆண்டில் அல்ல. நம்மைத் திட்டும் எண்ணை நாம் நான்கு முறை சரிபார்ப்போம். நம்மைப் புகழும் எண்ணைச் சரிபார்க்க யாருக்கும் மனம் வராது.

அடுத்த ஆண்டு மழை முன்கூட்டியே தொடங்கி விடாமல் பெய்தது. அந்தத் துணை நிலையத்தில் டெங்கு நான்கு பேருக்கு உறுதியானது. நான்கு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். செப்டம்பர் ஆய்வுக் கூட்டத்தில் அதே தாள், அதே மறைந்த நெடுவரிசைகள். இம்முறை சிவப்பு நிறத்தில் நின்றது: 300 சதவீதம் உயர்வு.

இப்போதும் யாரோ படம் எடுத்தார்கள். யார் என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் ஒரு நோட்டீஸ் வீடு வீடாக வந்தது, வாட்ஸாப்பிலும் சுற்றியது. 'டெங்கு 300% உயர்வு. உறங்குகிறதா சுகாதாரத் துறை? யார் பொறுப்பு?' கீழே ரோஸ்லெட் பாயின் படம். பொன்னாடை விழாவில் எடுத்த படத்திலிருந்து வெட்டியது. தோளில் சரிகை ஓரம் அப்படியே தெரிந்தது.

நோட்டீஸ் போட்டவர் செல்வின். எதிர்த்தரப்புக் கட்சியின் ஊர்ப் பொறுப்பாளர். வளைகுடாவில் பதினோரு ஆண்டு இருந்துவிட்டு வந்து ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபையில், 'பணியில் மெத்தனம் காட்டிய செவிலியரை உடனே மாற்ற வேண்டும்' என்று தீர்மானம் கொண்டுவரப் போவதாகவும் நோட்டீஸில் இருந்தது.

மாற்றம் என்பது அரசு வேலையில் சாதாரணம்தான். ஆனால் 'மெத்தனம்' என்ற சொல் சாதாரணம் அல்ல. ரோஸ்லெட் பாயின் பதவி உயர்வுக் கோப்பு அப்போதுதான் மாவட்ட அலுவலகத்துக்குப் போயிருந்தது. பதினெட்டு ஆண்டு காத்திருந்த உயர்வு. அந்தச் சொல்லோடு ஒரு கிராம சபைத் தீர்மானம் மேலே போனால் கோப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடும். வேறு மாவட்டத்துக்குத் தூக்கியடிக்கவும் வாய்ப்பு உண்டு. மகள் மார்த்தாண்டத்தில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் ஒன்றாம் தேதி மாலை 4.10-க்கு எங்கள் வட்டார மருத்துவ அலுவலர் என்னை அழைத்தார். திறமையான டாக்டர், நல்லவர்.

"நாளைக்கு எனக்கு வேற மூணு கிராம சபை இருக்கு. அந்த ஊருக்கு நீங்க போயிடுங்க. அவங்க ஒரு சதவீதம் சொன்னா நாம வேற ஒரு சதவீதம் சொல்லணும்."

"எந்தச் சதவீதம் மேடம்?"

"எட்டாயிரம் பேர்ல நாலு பேர்தானே? கணக்குப் போட்டுப் பாருங்க. தொண்ணூத்தொம்பது புள்ளி தொண்ணூத்தஞ்சு சதவீதம் பேருக்கு டெங்கு இல்ல. அதச் சொல்லிட்டு உக்காருங்க. யாரும் வாய் திறக்க மாட்டாங்க."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மிகச் சரி. ஒரு தாளில் 99.95% என்று பெரிதாக எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அன்று நாட்குறிப்பில், 'நாளைக்குப் பதில் தயார். நிம்மதி' என்று எழுதியிருக்கிறேன். இப்போது படிக்கும்போது கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் காலை 8.40-க்கு ஜங்ஷனில் இறங்கினேன். பழைய பிளக்ஸ் வெயிலில் வெளுத்து, ஒரு மூலை கிழிந்து தொங்கியது. ஆனாலும் 75% நன்றாகத் தெரிந்தது. அதன் கீழே ரோஸ்லெட் பாய் நின்றுகொண்டிருந்தார். கூட்டம் பதினொரு மணிக்குத்தான்.

"சும்மா நின்னா நேரம் போகாது சாரே. ஒரு தோட்டம் பாத்துட்டு வருவோம், வாங்க" என்றார்.

நடக்கும்போது சொல்லிவிட்டேன். அந்த முந்நூறு என் தாளிலிருந்துதான் போனது என்று.

அவர் நடையை நிறுத்தவில்லை. "அப்பம் அந்த எழுபத்தஞ்சு?"

"அதுவும்தான்."

"ரெண்டும் உங்க நம்பருதானா?" குடையைக் கை மாற்றிக்கொண்டார். "பொன்னாடை போட்டப்பம் நீங்க முன்வரிசையில இருந்து கைதட்டினது எனக்கு ஓர்மை இருக்கு சாரே. நோட்டீஸ் வந்த அன்னைக்கு நீங்க போன்கூட எடுக்கல்ல."

உண்மை. எடுக்கவில்லை.

தோட்டத்தில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. முதல் நாற்பது மரங்களைப் பார்த்தோம். பதினேழு சிரட்டைகள் நிமிர்ந்தே இருந்தன, உள்ளே தண்ணீர். அவர் ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டினார். புழுக்கள் நெளிந்தன. அந்நேரம் தோட்டத்துப் பால்வெட்டுக்காரர் ஒருவர் வாழைக்குலையைச் சுமந்துகொண்டு குறுக்கே வந்தார்.

"அண்ணே, கமத்தி வைக்கச் சொன்னேனே. எத்தன தடவ சொன்னேன்" என்றார் ரோஸ்லெட் பாய்.

அவர் குலையை இறக்காமலே சிரித்தார். "சிஸ்டரே, முக்காலும் ஒழிஞ்சாச்சுன்னு நீங்கதானே ஜங்ஷன்ல படத்துல நிக்கியிய. மிச்சம் உள்ள காலுக்காக நான் அறுநூறு மரத்தயும் கமத்தணுமா?"

"அது நான் சொன்னதில்ல அண்ணே. நான் படத்துல நிக்கேன், பேசினது வேற ஆளு."

"படத்துல நின்னா சொன்ன மாதிரிதானே" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நான் அந்தச் சிரட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்தைந்து சதவீதம் என்று நான் எழுதினேன். பிளக்ஸில் அது ஒழிப்பு ஆனது. தோட்டத்துக்கு வந்து சேரும்போது முக்கால் ஆகிவிட்டது. முக்கால்வாசி முடிந்த வேலை என்றால் மனிதன் கொஞ்சம் கையை நீட்டி உட்காரத்தான் செய்வான். நிமிர்ந்து கிடந்த அந்தப் பதினேழு சிரட்டைகளில் சிலவற்றையாவது என் எண் நிமிர்த்தி வைத்திருக்கிறது. எத்தனை என்று சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. ஆனால் சட்டைப் பையில் இருந்த தாள் கனக்கத் தொடங்கியது. தொண்ணூற்றொன்பது புள்ளி தொண்ணூற்றைந்து. முக்காலுக்கே இப்படியென்றால் இதைக் கேட்ட பிறகு ஊரில் யார் குனிந்து சிரட்டையைத் தொடுவார்கள்?

ரோஸ்லெட் பாய் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சிரட்டையைக் கவிழ்த்தார். அடுத்த மரத்தில் நான் கவிழ்த்தேன். பதினேழையும் கவிழ்த்துவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போனோம்.

சமுதாயக் கூடத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எண்ணுவது என் பழக்கம். வழக்கமாக அந்த ஊர் கிராம சபைக்கு அதில் பாதிகூட வராது. சாலை, குடிநீர், தெருவிளக்கு எல்லாம் முடிந்து 12.20-க்கு செல்வின் எழுந்தார். கையில் நோட்டீஸ்.

"இது நான் கையில இருந்து போட்ட நம்பரில்ல. கவர்மென்ட் டேட்டா. ப்ரூஃப் இருக்கு" என்று கைப்பேசியைத் தூக்கிக் காட்டினார். என் தாள். என் சிவப்பு நிறம். "முந்நூறு சதவீதம் கூடிருக்கு. அதாவது மூணு மடங்கு."

முந்நூறு சதவீத உயர்வு என்றால் நான்கு மடங்கு. திருத்தலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. திருத்தினால் அவருக்கு இன்னும் ஒரு மடங்கு கூடுதலாகக் கிடைக்கும். வாயை மூடிக்கொண்டேன்.

பின்னால் ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம், "முந்நூறு பேருக்கா? நம்ம ஊருலயா? ஒருத்தரயும் காணல்லியே" என்று கேட்டது எனக்குக் கேட்டது. "பேரில்ல வோய், சதவீதம்" என்றார் மற்றவர். "அது முந்நூறு பேரவிட கூடுதலா, குறவா?" பக்கத்து ஆள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கூடுதலாத்தான் இருக்கும்" என்றார்.

ஊராட்சித் தலைவர் என்னைப் பார்த்தார். "சுகாதாரத் துறையில இருந்து சார் வந்திருக்காவ. ஏதாவது சொல்லணும்னா சொல்லட்டு."

எழுந்தேன். கை தானாகப் பைக்குப் போயிற்று. தாளைத் தொட்டேன். எதிரே வார்டு உறுப்பினர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வலப்பக்கம் சுவரோரமாக ரோஸ்லெட் பாய், மடியில் நோட்டு. அந்தத் தாளைப் படித்துவிட்டு உட்கார்ந்தால் அவர் ஒருவேளை தப்பிப்பார். ஆனால் அந்தக் கூடத்திலேயே நான்கு பேரில் ஒருவர் இருக்கலாம், அல்லது அவர் வீட்டார் இருக்கலாம். என் தாளின்படி அவர்கள் புள்ளிக்குப் பின்னால் விடுபட்டுப்போன ஐந்து.

கையை வெளியே எடுத்தேன். தாளை எடுக்கவில்லை.

"நான்கு பேர்" என்றேன்.

கூடம் ஒரு கணம் புரியாமல் பார்த்தது. "இந்த ஆண்டு டெங்கு உறுதியானவர்கள் நான்கு பேர். நான்கு பேரும் வீடு திரும்பிவிட்டார்கள்."

"நாலா?" என்று யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவப் பார்த்தது.

செல்வின் சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. "நாலுன்னா சும்மாவா? அதுல ஒண்ணு எனக்க தங்கச்சி மக. எட்டு நாளு ஆஸ்பத்திரியில கிடந்தா. அது எத்தன சதவீதம் சாரே?"

சிரிப்பு அடங்கியது.

"அது சதவீதம் இல்லை. நான்கு பேரில் ஒரு பிள்ளை. நான் நான்கு என்று சொன்னது குறைவு என்று காட்டுவதற்காக இல்லை. எத்தனை பேரோ அத்தனை பேர் என்று சொல்லத்தான்" என்றேன்.

அவர் உட்காரவில்லை. கையிலிருந்த நோட்டீஸை இரண்டாக மடித்தார்.

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ஐம்பது வயதிருக்கும், மடக்கிய பச்சைக் குடையை ஊன்றிக்கொண்டு எழுந்தார். நான் குறித்துக்கொள்ளத் தவறிய ஒரே விவரம் அவருடைய பெயர். நாட்குறிப்பில் 'பச்சைக் குடை' என்றுதான் இருக்கிறது. என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த ஆசான்களில் முதல் இடம் அவருக்கு.

"சாரே, கழிஞ்ச வருசம் எத்தன பேரு?"

"ஒருவர்."

"அதுக்கு முந்தின வருசம்?"

"நான்கு."

அவர் விரலை மடக்கினார். "அப்பம் நாலு, ஒண்ணு, நாலு. முக்கால் ஒழிஞ்சுதுன்னு பிளக்ஸ் வச்சியளே, அது மூணு பேரு. இப்பம் முந்நூறு கூடிச்சுன்னு நோட்டீஸ் போட்டியளே, அதுவும் மூணு பேரு. எல்லாம் ஒரே மூணுதானா?"

"ஆமா" என்றேன்.

"போகும்பம் முக்காலு, வரும்பம் முந்நூறு" என்று அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "நாங்க ரப்பர் பால் கொண்டு போனா கடையில சதவீதம் பாப்பாவ. சீட்டுல சதவீதத்த எழுதிட்டு, எத்தன லிட்டருன்னு எழுதாம தந்தா நாங்க வாங்குவமா? மூஞ்சியில எறிஞ்சிட்டு வருவோம். இவிய ரெண்டு பேரும் லிட்டர் இல்லாத சீட்டத்தான் ஊரு பூரா ஒட்டிருக்காவ."

கூடம் குலுங்கியது. ரப்பர் ஊர் அது. பாலில் எத்தனை சதவீதம் ரப்பர் என்று பார்த்து வாங்குவதும், லிட்டரோடு சேர்த்துத்தான் அதற்கு அர்த்தம் என்பதும் அங்கே பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரியும். நான் பட்டம் வாங்கிப் படித்ததை அவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் செய்துகொண்டிருந்தார்கள். வார்டு உறுப்பினர் கைப்பேசியை எடுத்து அவசரமாக எதையோ தேடத் தொடங்கினார்.

அந்தச் சிரிப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம். ஆனால் பழி இப்போது அந்த இருவர் மேல் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"அந்தச் சீட்டை எழுதியது நான்தான்" என்றேன். "லிட்டரை மறைத்ததும் நான்தான். திரையில் எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்று எண்ணிக்கையை மறைத்தேன். இவர்கள் இருவரும் என் தாளை நம்பினார்கள்."

செல்வின் என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஏறக்குறைய தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார்: "பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினப்பம் சிஸ்டருதான் வண்டி பிடிச்சு கொண்டு போனாவ. அத நான் மறக்கல்ல. ஆனா முந்நூறுன்னு கவர்மென்டே எழுதி வச்சிருக்கும்பம் நான் என்ன நினைக்க? நான் கண்டது என் வீட்டுல ஒண்ணு. மிச்சம் இருநூத்தி தொண்ணூத்தொம்பது எங்கயோ கெடக்குன்னுதானே நினைச்சேன்."

இந்த வாக்கியத்தை அன்று இரண்டு முறை எழுதி வைத்தேன். தன் கண்ணால் பார்த்ததை ஒரு மனிதன் நம்பாமல் போகும்படி ஒரு எண்ணால் செய்ய முடியும். பொய்யான எண் வேண்டியதில்லை. சரியான எண்ணே போதும்.

"அப்பம் சிஸ்டரு வேல செய்தாளா இல்லியா, அதச் சொல்லுங்க" என்றார் தலைவர்.

இது இரண்டாவது சோதனை. நான்கு, ஒன்று, நான்கு என்ற மூன்று எண்களை வைத்து அதைச் சொல்ல முடியாது. ஒன்று ஆனபோது அவர் சாதித்ததாகவும் சொல்ல முடியாது, நான்கு ஆனபோது தவறியதாகவும் சொல்ல முடியாது. அதை அப்படியே சொன்னேன். இவ்வளவு சிறிய எண்ணிக்கை மழையைப் பொறுத்தும் ஏறும், இறங்கும் என்றேன். "அவர் வேலையைப் பார்க்க வேண்டுமானால் அவர் மடியில் இருக்கும் நோட்டைப் பாருங்கள்" என்றேன்.

தலைவர் நோட்டை வாங்கிப் புரட்டினார். தோட்டம், தேதி, பார்த்த மரம், நிமிர்ந்திருந்த சிரட்டை, உரிமையாளர் கையெழுத்து. ஒரு மழைக்காலம் முழுவதும் ஒரு வாரம்கூட விடுபடவில்லை. ஒரு பக்கத்தில் நிறுத்தி, "இது எனக்க கையெழுத்து" என்றார். அடுத்த பக்கத்தைப் பார்த்து, "இதும்" என்றார். "ரெண்டு தடவயும் பதினாலு சிரட்ட நிமிந்து இருந்துன்னு எழுதிருக்கா." மறுபடியும் சிரிப்பு. இம்முறை அவரும் சேர்ந்துகொண்டார்.

செல்வின் தீர்மானத் தாளை வாங்கினார். 'செவிலியரை உடனே மாற்ற வேண்டும்' என்ற வரியை அவரே பேனாவால் அடித்தார். "சும்மா வெறும் கையோட போக முடியாது, வேற ஒண்ணு எழுதணும்" என்றார். எழுதினார்கள். மழை நாளில் சிரட்டையைக் கவிழ்க்காத தோட்டத்தின் பெயரை ஊராட்சிப் பலகையில் எழுதுவது. ஜங்ஷன் பிளக்ஸை அன்றே இறக்குவது. அடுத்த பலகை எதுவானாலும் அதில் ஆள் எண்ணிக்கை இருக்க வேண்டும். கை தூக்கச் சொன்னார்கள்.

ஊராட்சிச் செயலர், "பெரும்பாலானோர் ஆதரவுன்னு எழுதவா?" என்றார்.

பச்சைக் குடை விடவில்லை. "பெரும்பாலும் வேண்டாம், சிறும்பாலும் வேண்டாம். தலைய எண்ணி எழுதும்."

எண்ணினார்கள். நூற்று நான்கு. நானும் எண்ணினேன், சரியாக இருந்தது.

1.35-க்கு வெளியே வந்தோம். ஜங்ஷன் தேநீர்க்கடையில் ரோஸ்லெட் பாய் இரண்டு டீயும் பழம்பொரியும் சொன்னார். டீயை மூன்று நிமிடம் குடிக்காமல் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு திடீரென்று சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"என்ன சிஸ்டர்?"

"அந்தப் பொன்னாடை சாரே. வீட்டுல தையல் மிஷினுக்கு மூடியாப் போட்டிருக்கேன். நேத்து முழுக்க அத ஒளிச்சு வைக்க இடம் தேடினேன், திருட்டுச் சாமான் மாதிரி."

அவர் சொன்னதும் எனக்கும் உடம்பிலிருந்து ஏதோ இறங்கியது. எத்தனை நாள் கழித்து அப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை. எதிரே இரண்டு பேர் ஏணி போட்டு பிளக்ஸை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அவிழ்த்த பிளக்ஸைப் பால்வெட்டுக்காரர் ஒருவர் ரப்பர் ஷீட் காயப்போடும் பந்தலுக்கு மேலே போட வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார். சட்டைப் பையிலிருந்த தாளைக் கிழித்துத் தேநீர்க்கடைக் கூடையில் போட்டேன். மாலையில் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். "நல்ல வேளை, நான் போகல" என்றார்.

பதவி உயர்வு மார்ச்சில் வந்தது. வேறு மாவட்டம் இல்லை, எங்கள் வட்டாரத்திலேயே. ரோஸ்லெட் பாய் எனக்கு எதிர்மேசைக்கு வந்துவிட்டார்.

அந்த ஆண்டு மழை முடிந்ததும் வார்டு உறுப்பினர் தொலைபேசியில் அழைத்தார். நான் ஒலிபெருக்கியில் போட்டேன். "சாரே, இந்த வருசம் நம்ம ஊருல எத்தன?"

"இரண்டு பேர்."

"கழிஞ்ச வருசம் நாலு. அப்பம் அம்பது சதவீதம் குறவுன்னு போட்டிரலாமா? சின்னதா ஒரு பிளக்ஸ்தான்."

நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்மேசையிலிருந்து பதில் போயிற்று. "ரெண்டு பேருன்னு போடுங்க மெம்பரே. ரெண்டு பேரும் எழும்பி நடக்காவன்னு போடுங்க. எனக்க படம் வேண்டாம், அந்த இடத்துல கமத்தின சிரட்ட ஒண்ணு போடுங்க."

அவர் அப்படியே போட்டார். ஓய்வு பெற்ற அன்று அந்த வழியாகப் போய்ப் பார்த்தேன். எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது. கீழே நின்று ஒருவர் அதைத் தன் பையனுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

அந்த எக்செல் தாள் இப்போது உங்கள் கணினியில்தான் இருக்கிறது. மறைத்த இரண்டு நெடுவரிசைகளையும் நான் திறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஆய்வுக் கூட்டத்தில் எழுத்து சிறியதாகத் தெரிகிறது என்று பின்வரிசையில் இருந்து யாராவது சொல்வார்கள். அப்போது புரொஜெக்டரைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். திரையில் எல்லாம் பெரிதாகத் தெரியும்.